மனு கொடுக்கிறோம், கேள்வி கேட்க வைக்கிறோமா? திண்டுக்கல்லை முன்வைத்து ஓர் ஆய்வு

திங்கட்கிழமை காலை திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிறவர்களைக் கையில் இருப்பதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் கவருக்குள் பட்டா நகல், ஆதார், ரேஷன் கார்டு, போன முறையும் அதற்கு முந்தின முறையும் கொடுத்த மனுக்களின் ஜெராக்ஸ். உள்ளே நுழையும் முன் போலீசார் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். மண்ணெண்ணெய் பாட்டிலோடு யாரும் வந்துவிடக் கூடாதே என்ற பயம். எல்லா மாவட்டங்களிலும் வாராவாரம் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள்தான் இது. ஆனாலும் அந்த வரிசையைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு எம்.எல்.ஏ. உண்டு, ஒரு எம்.பி. உண்டு. ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளை விட்டுவிட்டு, மாற்றலில் வந்து மாற்றலில் போகிற அதிகாரியிடமே ஏன் எல்லாரும் போய் நிற்கிறார்கள்?

பழக்கம் பழையது. திப்பு சுல்தானிடமிருந்து 1790-ல் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1792-ன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை உறுதி செய்தது. கம்பெனி இங்கே கலெக்டரை அமர்த்தி வரி வசூலித்தது. நகராட்சி வந்தது 1866-ல். மாகாண சட்டசபைக்கு 1920-ல் தேர்தல் நடந்தபோதும் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. வயது வந்த எல்லாரும் ஓட்டுப் போட்டது 1952 பொதுத்தேர்தலில்தான். ஆக, இந்தச் சீமையின் குடியானவனுக்குக் கலெக்டர் வந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்தே பிரதிநிதி வந்தார். 1985-ல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது கலெக்டர் இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிரதிநிதியையும் நாம் கலெக்டரைப் பார்க்கிற கண்ணாலேயே பார்க்கப் பழகிவிட்டோம். அவர் வீட்டு வாசலிலும் மனுதான் கொடுக்கிறோம். லெட்டர்பேடில் பரிந்துரைக் கடிதம் கேட்கிறோம், காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், வராவிட்டால் கோபித்துக்கொள்கிறோம். அவரிடம் மட்டுமே இருக்கும் ஓர் அதிகாரத்தை நாம் கேட்பதே இல்லை. சபையில் எழுந்து அமைச்சரைக் கேள்வி கேட்டு, பதிலை அச்சில் ஏற்ற வைக்கும் அதிகாரம் அது. கலெக்டருக்கு அது கிடையாது. இந்தக் கட்டுரையின் அக்கறை முழுக்க அந்த அதிகாரத்தைப் பற்றியதுதான்.

யார் யாருடைய ஆள் என்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள்: பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர். திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் அவற்றில் ஆறுதான் அடங்கும். தொகுதி மறுவரையறைக்குப் பிறகு வேடசந்தூர் கரூர் மக்களவைத் தொகுதியோடு இருக்கிறது. வேடசந்தூர்க்காரர் பட்டாவுக்குத் திண்டுக்கல் கலெக்டரிடம் வருவார். ரயில், தேசிய நெடுஞ்சாலை, வருங்கால வைப்புநிதி என்றால் கரூர் எம்.பி.யைத் தேட வேண்டும். திண்டுக்கல் எம்.பி. அலுவலகத்தில் போய் நின்றால், அங்கே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "நீங்க கரூர் தொகுதிங்க" என்றுதான் சொல்ல முடியும்.

எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம். 2024 தேர்தலில் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியின் வாக்காளர்கள் சுமார் 16 லட்சம். ஒரு எம்.பி.க்கு அத்தனை பேர். ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கு மேல். திண்டுக்கல் மாநகராட்சியில் 48 வார்டு. 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 2 லட்சத்து 7 ஆயிரம் என்பதால், ஒரு கவுன்சிலருக்கு நாலாயிரத்துச் சொச்சம் பேர். சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் எம்.எல்.ஏ.வைத் தேடிப் போகிறவர், நாலாயிரம் பேரில் ஒருவராக நிற்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டு இரண்டரை லட்சம் பேரில் ஒருவராகப் போய் நிற்கிறார்.

அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணை ஒன்றிய அரசுக்கு எது, மாநிலத்துக்கு எது, இருவருக்கும் பொதுவானது எது என்று பிரித்துவைத்திருக்கிறது. ரயில் ஒன்றியப் பட்டியலில். திண்டுக்கல்லிலிருந்து சபரிமலைப் பக்கம் ரயில்பாதை வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையை எம்.எல்.ஏ.விடம் கொடுத்தால் அவர் இன்னொரு கடிதம்தான் எழுத முடியும். போலீஸ், நிலம், பாசனம் மாநிலத்துடையவை. எல்லாம் இப்படி நேர்கோட்டில் பிரிந்துவிடுவதும் இல்லை. 2022 ஜனவரி 12-ல் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து செலவழித்த திட்டம் அது. அங்கே ஒரு பிரிவில் டாக்டர் இல்லை என்றால் மாநில சுகாதார அமைச்சரைக் கேட்க வேண்டும், கல்லூரி இடங்களின் எண்ணிக்கை என்றால் டெல்லியைக் கேட்க வேண்டும்.

சபையில் என்ன நடக்கிறது என்பது தூரத்து விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 21-ஐ நினைவுபடுத்த வேண்டும். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் அடர்ந்த பகுதி. ஷிப்ட் முடிந்து வரும் பெண்களை ஏற்றிச் செல்லும் மில் பஸ்களை அந்தச் சாலைகளில் எந்நேரமும் பார்க்கலாம். அன்று, தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு திருத்தம் செய்யும் மசோதா பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வேலை நேரத்தை நெகிழ்த்தி, ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் திருத்தம். அறிமுகமானது ஏப்ரல் 12-ல். ஒன்பதே நாளில் முடிந்துவிட்டது. ஆளும் கூட்டணியின் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஏப்ரல் 24-ல் சங்கங்களோடு பேச்சு நடந்தது, மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

அதே ஏப்ரல் 21-ல் இன்னொரு மசோதாவும் நிறைவேறியது. தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்காக நிலத்தை ஒருங்கிணைக்கும்போது, அதனுள் அகப்படும் நீர்நிலை, ஓடை, வாய்க்கால்களை என்ன செய்வது என்பதற்கு வழி வகுக்கும் சட்டம். கண்மாயை நம்பி வாழும் மாவட்டத்துக்கு இது மில் வேலை நேரத்துக்கு எந்த விதத்திலும் குறைந்த விஷயம் இல்லை. சுற்றுச்சூழல் அமைப்புகளும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். ஆனால் விஷயம் பலருக்குத் தெரிய வரும்போது காலம் கடந்துவிட்டது. ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது, 2024-ல் சட்டம் நடைமுறைக்கும் வந்தது. ஒரே நாள், ஒரே சபை, இரண்டு மசோதா. ஒன்றுக்கு முன்னால் அமைப்பாகத் திரண்ட, சபை நடவடிக்கையை அன்றாடம் கவனித்துக்கொண்டிருந்த சங்கங்கள் இருந்தன. மற்றதற்குப் போதுமான கூட்டம் சேரவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஆயக்கட்டு விவசாயிகள் ஏப்ரல் மாதத்தில் தங்கள் எம்.எல்.ஏ.க்களைப் போய்ப் பார்த்து, "இந்த மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் நடந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்கக்கூடிய வாசல் அது என்று தெரிந்திருந்தவர்களே மிகக் குறைவு.

மசோதா ஒன்று அறிமுகம், ஆய்வு, நிறைவேற்றம் என்று மூன்று கட்டம் கடக்க வேண்டும் என்பது ஏட்டில் உள்ள முறை. உறுப்பினர்கள் திருத்தம் கொடுக்கலாம், தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரலாம், வாக்கெடுப்புக் கேட்கலாம். நடைமுறையில் மானியக் கோரிக்கைகள் முடியும் கடைசி நாட்களில் மசோதாக்கள் வரிசையாக வந்து, வரிசையாக நிறைவேறுகின்றன. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் வழக்கம். தமிழ்நாட்டில் மேலவையும் இல்லை. 1986 நவம்பர் 1-ல் அது நீக்கப்பட்டது. இரண்டாம் முறை பார்க்க இன்னொரு சபை கிடையாது என்பதால் இந்த ஒரு சபையின் நிதானம் இன்னும் முக்கியமாகிறது. அதற்கப்பால் ஆளுநர். 2023 நவம்பர் 18-ல் சிறப்புக் கூட்டம் கூட்டிப் பேரவை மீண்டும் நிறைவேற்றிய பத்து மசோதாக்கள், 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால்தான் சட்டமாயின. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலாக, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. இவையெல்லாம் பெரிய வழக்குகள், நாளேடுகளில் விரிவாக வந்தவை. நமக்கு அன்றாடம் உதவக்கூடியது வினா நேரம். அதற்கு வருகிறேன்.

பேரவை கூடும் நாட்களில் முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் வரும். குறியிடாத வினாவுக்கு எழுத்தில் பதில். மக்களவையிலும் இதே முறை: ஒரு நாளைக்கு 20 நட்சத்திர வினா, 230 நட்சத்திரமில்லா வினா, ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து வினா வரை அறிவிப்புக் கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாக. மக்களவையில் யார் என்ன கேட்டார், அமைச்சகம் என்ன பதில் சொன்னது என்பதை உறுப்பினர் பெயரைக் கொண்டே நாடாளுமன்ற இணையதளத்தில் தேடிப் படிக்கலாம். தமிழ்நாட்டுப் பேரவையின் வினா நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது.

நம் பேரவை வினாக்களுக்கு ஒரு பழகிய வடிவம் உண்டு. இன்ன தொகுதி, இன்ன ஊராட்சியில், இன்ன ஓடையின் குறுக்கே பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா? அமைச்சரின் பதிலும் பழகிய வடிவம்தான். கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை. அல்லது, நிதிநிலைக்கு ஏற்ப வரும் ஆண்டில் பரிசீலிக்கப்படும். கேட்பவருக்கு அலுப்புத் தட்டும். ஆனால் இந்த இரண்டு பதிலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. முதல் பதில் கதவை மூடுகிறது. இரண்டாவது பதிலில் ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அமைச்சர்கள் சபையில் கொடுக்கும் வாக்குகளை எடுத்துத் தொகுத்து, நிறைவேற்றினார்களா என்று துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மக்களவையில் அத்தகைய உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு ரசீது எண் கிடைக்கும். சபையில் அமைச்சர் சொன்ன சொல்லுக்கு ஒரு குழுவே காவல் இருக்கிறது. ஊருக்கு எது பலம்?

கேள்வியைக் கூர்மையாகத் தீட்டுவது எப்படி என்பதற்குக் குடகனாற்றையே எடுத்துக்கொள்ளலாம். மேற்கு மலையடிவாரத்தில், ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் இருக்கும் பக்கத்திலிருந்து வடக்கே இறங்கி, திண்டுக்கல் சமவெளியைக் கடந்து, வேடசந்தூர் வழியாக அழகாபுரி அணைக்குப் போய், கரூர் மாவட்டத்தில் அமராவதியில் சேரும் ஆறு. மேலே ராஜவாய்க்கால் வழியாகக் கண்மாய்கள் நிரம்புகின்றன. கீழே உள்ளவர்கள் ஆற்றில் எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்கிறார்கள். மேலே உள்ளவர்கள் இது எங்கள் பரம்பரைப் பாத்தியதை என்கிறார்கள். இரு தரப்பும் மறியல் செய்திருக்கிறார்கள், மனுக் கொடுத்திருக்கிறார்கள். மேல்பக்கம் ஆத்தூர் தொகுதி, கீழ்ப்பக்கம் வேடசந்தூர். அவரவர் எம்.எல்.ஏ. அவரவர் தொகுதிக்காகப் பேசுவதுதான் முறை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு தொகுதிக்கும் வழக்கு என்று வந்துவிட்ட பிறகு கலெக்டர் மேசையில் அது ஆறாது. ஒரு பக்கம் தண்ணீர் திறந்தால் மறுபக்கம் மறியல், அவ்வளவுதான். "குடகனாற்றில் எந்த அளவு நீர்வரத்துக்கு எத்தனை பங்கு ராஜவாய்க்காலுக்கு, எத்தனை பங்கு ஆற்றுக்கு என்று அரசாணை உண்டா? உண்டெனில் அதன் தேதி என்ன? கடந்த ஐந்து ஆண்டுகளில் மாதவாரியாகத் திறந்த அளவு என்ன?" இப்படி ஒரு குறியிடாத வினா போனால், பதில் எழுத நீர்வளத் துறைக்கு அளவுப் பதிவேட்டைத் திறந்தே ஆக வேண்டும். வந்த பதில் இரு தரப்பு விவசாயிகளுக்கும் ஒரே காகிதத்தில் கிடைக்கும். சண்டை உடனே தீரும் என்று சொல்லவில்லை. எதைப் பற்றிச் சண்டை என்பதாவது தெளியும். பாசனம் மாநிலப் பட்டியல் என்பதால் இதை டெல்லியில் கேட்க முடியாது. பேரவையில்தான் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் போக முடியாது. எம்.எல்.ஏ. அமைச்சராகிவிட்டால் வினா நேரத்தில் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்பவராகிவிடுவார். 2021-ல் அமைந்த பேரவையில் நம் மாவட்டத்தின் ஏழு பேரில் இருவர் அமைச்சர்கள்: ஆத்தூரின் இ. பெரியசாமி, ஒட்டன்சத்திரத்தின் அர. சக்கரபாணி. அமைச்சரின் தொகுதி என்றால் வேலைகள் வேகமாக நடக்கும் என்று மக்கள் நம்புகிறார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தத் தொகுதியின் பெயரில் சபையில் கேள்வி எழாது. அதே காலத்தில் திண்டுக்கல், நத்தம், நிலக்கோட்டை மூன்றும் எதிர்க்கட்சியான அ.தி.மு.க.விடம் இருந்தன. கோரிக்கைக்குக் கோட்டையில் கதவு திறப்பது எதிர்க்கட்சி உறுப்பினருக்குக் கடினம். கேள்வி எழுப்ப அவருக்குத் தடையே இல்லை. "அவர் எதிர்க்கட்சி, அவரால் என்ன ஆகும்" என்று சலித்துக்கொள்பவர்கள் அவருடைய முக்கியமான வேலையைச் செய்யச் சொல்லாமலேயே ஐந்து வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். சிறு கட்சியின் உறுப்பினருக்கோ கட்சி பலத்தைப் பொறுத்தே பேசும் நேரம் கிடைக்கும். 2001, 2006, 2011 என்று மூன்று முறை திண்டுக்கல்லின் உறுப்பினராக இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் க. பாலபாரதி இந்த நிலையில் இருந்துதான் பேசினார். நேரம் குறைவாகக் கிடைக்கும் உறுப்பினருக்குத் தகவல் திரட்டிக் கொடுக்கும் மக்கள் இன்னும் அதிகமாகத் தேவை.

கட்சிக் கட்டுப்பாடு இன்னொரு எல்லை. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். இந்தச் சட்டம் நம் மாவட்டத்தில் எப்படி இறங்கியது என்று பாருங்கள். 2017 செப்டம்பர் 18-ல் பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதிநீக்கம் செய்த 18 உறுப்பினர்களில் நிலக்கோட்டையின் ஆர். தங்கதுரையும் ஒருவர். மறுபக்கம், அதே ஆண்டு நம்பிக்கைத் தீர்மானத்தில் அரசுக்கு எதிராக ஓட்டளித்த 11 பேரைத் தகுதிநீக்கம் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் போன தி.மு.க. கொறடா, ஒட்டன்சத்திரம் சக்கரபாணி. 18 பேர் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2018 ஜூனில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். மூன்றாம் நீதிபதி அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதி செய்தார். நிலக்கோட்டை இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18-ல். ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஒரு தனித்தொகுதியின் மக்களுக்குச் சபையில் ஆளே இல்லை. மல்லிகையும் திராட்சையும் விளைகிற அந்த மண்ணின் பிரச்சினையை யார் பேசியிருப்பார்கள்? அந்தக் காலத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

உள்ளாட்சியில் இந்த வெற்றிடம் இன்னும் நீளமானது. மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள், 306 கிராம ஊராட்சிகள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. அதில் தேர்வானவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. மாநகராட்சிக்கோ 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல். அத்தனை ஆண்டும் கவுன்சிலர் செய்ய வேண்டிய வேலை எம்.எல்.ஏ. தலையில் விழுந்தது. அவரைத் தெருவிளக்குக்கும் குழாய்க்கும் தேடும் பழக்கம் கெட்டிப்பட இதுவும் ஒரு காரணம். கிராம சபைகள் மட்டும் சட்டப்படி நடந்தாக வேண்டியவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த க. பழனித்துரை கிராம சபை பற்றிப் பல ஆண்டுகளாக எழுதியும் பயிற்சி கொடுத்தும் வந்திருக்கிறார். அந்தப் பல்கலைக்கழகம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் கிராம சபைத் தீர்மானத்தின் நகலை எம்.எல்.ஏ.விடம் கொடுத்து, இதைச் சபையில் கேளுங்கள் என்று சொல்லும் ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நூறு பேர் தனித்தனியாகக் கொடுக்கும் மனுவைவிட ஒரு கிராம சபைத் தீர்மானத்துக்கு எடை அதிகம்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் நாம் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. எம்.பி. நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது. நிழற்குடை, சமுதாயக்கூடம், ஆழ்குழாய், பள்ளிக்கூட வகுப்பறை. பயன் உண்டு. ஆனால் சபை ஒப்புதல் தரும் மாநில வரவு செலவுத் திட்டம் லட்சக்கணக்கான கோடிகளில் இருக்கிறது. அந்தப் பெரிய பணம் துறைவாரியாக மானியக் கோரிக்கைகளாக வரும்போது, ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்ற புத்தகத்தை வைக்கிறது. இன்ன திட்டம், இன்ன மாவட்டம், இவ்வளவு ஒதுக்கீடு என்று அதில் அச்சாகியிருக்கும். அதில் நம் ஊர்ப் பெயர் இல்லை என்றால் வெட்டுத் தீர்மானம் கொடுக்கவும் விவாதத்தில் சுட்டிக்காட்டவும் உறுப்பினருக்கு உரிமை உண்டு. 3 கோடிக்காக வாசலில் நிற்கும் நாம், அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இனி, மக்கள் நேரடியாகவே சபையின் கதவைத் தட்ட இருக்கும் வழி. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. அது மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கூடும். போவதற்கு முன் கலெக்டர் மூலம் செய்திக்குறிப்பு வரும், பத்திரிகையில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக அமுங்கிப்போகும். அந்தக் குறிப்புகளின்படி மனுவைத் தமிழிலேயே எழுதலாம். பிரதிகள் ஐந்து, தேதியிட்ட கையெழுத்து. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக. நீதிமன்றத்தில் வழக்கு இருக்கக் கூடாது. வேலை, முதியோர் ஓய்வூதியம், பட்டா, வங்கிக் கடன், இடமாற்றம், அரசு அலுவலர் மேல் புகார் ஆகியவற்றுக்கு இடமில்லை. திங்கட்கிழமை வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோரின் கோரிக்கை இந்த விலக்குப் பட்டியலில்தான் விழும். அவர்களுக்கு கலெக்டர் அலுவலகமே சரியான இடம். ஆனால் தோல் தொழிற்சாலைக் கழிவு நீரால் கெட்டுப்போன கிணறுகள், தூர்ந்துபோன வரத்து வாய்க்கால், பஸ் வராத ஊர் ஆகியவை ஊர்ப் பொதுப் பிரச்சினைகள். அவற்றைத் தனி ஆளின் குறை போல எழுதி வாராவாரம் கலெக்டரிடம் கொடுப்பதில்தான் நம் உழைப்பு வீணாகிறது.

நாடாளுமன்றத்துக்கும் இப்படி மனுப் போடலாம். அதற்கு ஓர் உறுப்பினரின் மேலொப்பம் வேண்டும், இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பும் வேண்டும். அந்த வழி பயனற்றது என்று நினைக்க வேண்டாம். முன்னாள் ராணுவத்தினரின் "ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்" கோரிக்கையை ஏற்கச் சொல்லி 2011 டிசம்பரில் பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு அறிக்கை கொடுத்தது. நான்கு ஆண்டுகளில் அது அரசாணையானது. மனுவில் தொடங்கிய பலன் திண்டுக்கல் மாவட்டத்து முன்னாள் ராணுவத்தினர் வீடுகளுக்கும் வந்திருக்கிறது.

உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தைப் பற்றி அனுபவப்பட்டவர்கள் சொல்வது ஒன்றுதான். மரியாதையான அடைமொழிகளில் முதல் பக்கம் தீர்ந்துவிடக் கூடாது. பிரச்சினை ஒன்று, சர்வே எண், ஊராட்சி, ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் எண்ணும் தேதியும், துறை சொன்ன பதில், கடைசியில் சபையில் கேட்க வேண்டிய வினா, அதையும் வினா வடிவத்திலேயே. உறுப்பினரின் பி.ஏ. எடுத்து அப்படியே அறிவிப்பாகக் கொடுக்கும்படி இருந்தால், கொடுப்பதற்கான வாய்ப்புக் கூடும். கூட்டத்தொடர் அறிவித்த பிறகு ஓடுவதில் பயனில்லை. வினாக்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். அரசியல் சாசனம் இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது, ஆண்டுக்கு இத்தனை நாள் என்று சொல்லவில்லை. நாட்கள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு வினாவும் அருமையானது.

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்கள் 1973 மே மாத இடைத்தேர்தலைச் சொல்வார்கள். எம்.ஜி.ஆரின் புதுக் கட்சி முதல்முறையாக இரட்டை இலையில் நின்று, கே. மாயத்தேவர் ஜெயித்த தேர்தல். ஊரில் பெரியவர்கள் அந்தப் பிரசாரக் கூட்டங்களை இன்றும் நேற்று நடந்தது போல விவரிப்பார்கள். ஜெயித்துப் போனவர் மக்களவையில் திண்டுக்கல்லுக்காக என்ன கேட்டார் என்பது எவர் பேச்சிலும் வராது. அது அவர் குறை அல்ல. அன்று அதைப் படித்துச் சொல்ல ஊரில் வழி இல்லை. இன்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்தில், நம் ஏழு எம்.எல்.ஏ.க்களும் இரண்டு எம்.பி.க்களும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்ட வினாக்களையும் வந்த பதில்களையும் தொகுதிவாரியாக அச்செடுத்து ஓர் அலமாரியில் வைக்கலாம். மனுக்கள் குழுவும் உறுதிமொழிக் குழுவும் மாவட்டத்துக்கு வந்துபோன பின் சபையில் வைக்கும் அறிக்கையின் நகல் கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்ட அரங்கின் வாசலில் ஒட்டப்பட வேண்டும். குழு வரும் தேதி, மனு எழுத அவகாசம் கிடைக்கும்படி குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் ஊராட்சிதோறும் தண்டோரா போட்டுச் சொல்லப்பட வேண்டும். இந்த மூன்றுக்கும் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. நூலகத் துறையும் மாவட்ட நிர்வாகமும் மனம் வைத்தால் அடுத்த கூட்டத்தொடருக்குள் செய்துவிடக்கூடியவை. அடுத்த கிராம சபையில் எந்த ஊராட்சியும் இதைத் தீர்மானமாகப் போட்டு அனுப்பலாம்.